தலையில் ஒரு கோடு

காஃபியா துறைமேட்டு வெயில் டேப்லெட் திரையில் கூசுகிறது. படகோடு கடலில் மூழ்கிப்போன ஐவருக்கான நினைவுக்கல்லின் வாசகம் அதில் நிற்கிறது, ‘தங்கத’ (tangata) என்று. மவோரி மொழியில் அது ஒரே ஒரு மனிதன். ஐவரில், டேப்லெட்டை ஏந்தி நிற்கும் மெரேயானாவின் தம்பியும் உண்டு. அவள் பேனாவால் முதல் ‘a’ எழுத்தின் தலையில் கோடிழுக்கிறாள்; பாருங்களேன், அடித்துவிட்டாள் என்று எண்ணித் திரை சொல்லையே விழுங்கிவிடுகிறது. “உன் கோட்டப் பாத்து பயந்து ஓடிருச்சுக்கா,” என்கிறான் உளியோடு காத்திருக்கும் கல்தச்சன் ராவிரி. “எங்க ஓடும்? இழுத்துட்டு வர்றேன் பாருடா.” சொல்லை மீட்கிறாள்; கிறுக்கினால் சொல்லை அழிக்கும் வசதியை அணைத்துவிட்டு மறுபடி இழுக்கிறாள். மை அப்படியே நிற்கிறது. “இப்பப் படி.” “தாங்கத,” என்று நீட்டிப் படிக்கிறான் ராவிரி, சிரிப்படங்கி. குறில் நெடிலாக, மனிதன் மனிதர்களாகிறான். முதலில் அந்தக் கோட்டைத்தான் உளி கல்லில் வெட்டுகிறது.