பச்சை லைட்

நஞ்சப்பன் பட்டனை அமுக்கினார். பச்சை லைட் எரிந்து அணைந்தது. யாரும் வரவில்லை.

மறுபடி அமுக்கினார். மறுபடி எரிந்தது.

கோவிந்தாபுரத்திலிருந்து அண்ணனைப் பார்க்க வந்த வள்ளியாத்தாள், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏனுங்கண்ணா, என்னங்க அது?"

"பெல்லு. நவீன் செஞ்சு மாட்டியுட்டிருக்கான். வலி வந்தா இதை அமுக்கோணும். சமையக்கட்டுல மணி அடிக்கும். கிருத்திகா மாத்திரை கொண்டாருவா."

"வரலீங்களே?"

"ஒரு வாரமா இப்படித்தான். முன்னெல்லாம் ஓடி வருவா."

சொல்லிக்கொண்டே போர்வையைக் கசக்கிப் பிடித்தார். புற்று முதுகெலும்புக்கு இறங்கியிருந்தது. வலி ஏறினால் உடனே கொடுக்கச் சொல்லி, வலி தணிக்கும் சிகிச்சைக்கு வீட்டுக்கு வரும் பாலியேட்டிவ் நர்ஸ் டின்சி தந்த மாத்திரை சமையக்கட்டு அலமாரியில் பூட்டி இருந்தது.

வள்ளியாத்தாள் விருட்டென்று எழுந்து போனாள்.

சமையக்கட்டில் டிவி சத்தம் இல்லை, மிக்ஸி ஓடவில்லை. மருமகள் கிருத்திகா தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, உன்ற காது என்ன கோயமுத்தூருக்குப் போயிருக்குதா? அங்க மனுசன் அமுக்கி அமுக்கி வெரலே தேஞ்சு போச்சு!"

கிருத்திகாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. முறத்தைத் தள்ளிவிட்டு, அலமாரியைத் திறந்து, மாத்திரையும் தண்ணீருமாக ஓடினாள்.

"இப்பத்தானுங்க மாமா எட்டிப் பாத்துட்டுப் போனேன். தூங்கிட்டு இருந்தீங்க..."

"உடு கண்ணு. உனக்கு ஆயிரம் வேலை." நஞ்சப்பன் மாத்திரையை விழுங்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்ன பெரிய வேலை? குந்தி வெங்காயம் உரிக்கறா!" வள்ளியாத்தாள் பட்டனைத் தானே அமுக்கிக் காட்டினாள். "இதா, லைட்டு எரியுது. பெல்லுல ஒரு கோளாறும் இல்ல. மனசுலதான் கோளாறு."

கிருத்திகா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மாடிப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்தாள்.

"இனிமே கவனமா இருக்கறேனுங்க."

மாடியில் கதவு திறந்தது. நவீன்குமார் படியிறங்கி வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"அப்பா, ஓகே ஆயிருச்சு! பாலக்காட்டு ஆஸ்பத்திரியில நம்ம மிஷின்தான்! அட, அத்தை! எப்ப வந்தீங்க?"

"நான் வந்தது கெடக்கட்டும் சாமி. அதென்ன மிஷின்? சிங்கப்பூர் வேலைய உட்டுட்டு வந்து மேல உக்காந்து செய்யறியே, அதா?"

"அதேதாங்க. ஆபரேஷன் ஆனவங்க கையில ஒரு பட்டன் இருக்கும். வலிச்சா அவங்களே அமுக்கிக்கலாம். மருந்து நேரா நரம்புல ஏறிரும். நர்ஸைக் கூப்பிட்டுக் கெஞ்ச வேண்டாம்."

"அமுக்கிட்டே இருந்தா? ஆளே போயிருவானே!"

"போகமாட்டான். ஒருதரம் மருந்து போனா மிஷின் கொஞ்ச நேரம் பூட்டிக்கும். அதுலதாங்க அத்தை இன்னிக்கு மீட்டிங்ல சண்டையே. அங்க இருக்கற பெரிய டாக்டர் சொல்றாரு, 'பூட்டியிருக்கும்போது அமுக்கினாலும் லைட் எரியட்டும் நவீன். மருந்து வந்துருச்சுன்னு நெனச்சுட்டு சத்தம் போடாமக் கெடப்பாங்க. நோயாளிக்கு அது போதும்'னு."

"நீ என்ன சொன்னே?"

"முடியாதுன்னுட்டேன். மருந்து போனாத்தான் லைட் எரியும். வலியில கெடக்கற மனுசனை வெறும் வெளிச்சத்தைக் காட்டி ஏமாத்தற மிஷினை நான் செய்யமாட்டேன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னேன். ஸ்கிரீன்ல அத்தனை பேரும் கைதட்டிட்டாங்க. அந்த டாக்டரும்தான்."

மாத்திரை வேலை செய்ய இன்னும் நேரம் இருந்தது. இருந்தும் நஞ்சப்பன் கண்ணைத் திறந்து மகனைப் பார்த்தார். கண்ணோரம் ஈரம்.

"கூட இருந்து பாக்கறானல்ல, அதான் அவனுக்கு வலின்னா என்னன்னு தெரியுது."

"தெரிஞ்சு என்னங்கண்ணா?" வள்ளியாத்தாள் விடவில்லை. "ஊருக்கெல்லாம் பட்டன் செய்யறான். இவன்ற ஊட்டுல பெத்த அப்பன் அமுக்கினா, இவன் பொண்டாட்டி வந்து எட்டிப் பாக்கறதில்ல. ஒரு வாரமா இதே கூத்தாம். கேளு சாமி அவளை!"

நவீன்குமாரின் சிரிப்பு சட்டென்று நின்றது. கிருத்திகாவைப் பார்த்தான். அவளும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் கிருத்திகா?" என்றான், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "அப்பா கூப்பிட்டா வர்றதைவிட உனக்கு வேற என்ன வேலை?"

"அப்படிக் கேளு!" என்றாள் வள்ளியாத்தாள்.

கிருத்திகா தண்ணீர் டம்ளரை எடுத்துக்கொண்டு சமையக்கட்டுக்குப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து அவனும் அங்கே வந்தான்.

அவள் கதவுக்கு மேலே இருந்த பெல் பெட்டியைக் காட்டினாள். குரல் உள்ளே கேட்காதபடி பேசினாள்.

"மேல மீட்டிங்ல சத்தம் கேக்குதுன்னு போன வாரம் மணி ஒயரைக் கழட்டி உட்டது நீங்க. மாமாகிட்ட நான் இன்னும் சொல்லல. சொன்னா மனசு உட்டுருவாரு. அதான் மீட்டிங் முடிஞ்சுதே, இப்பவாவது மாட்டி உடுங்க."

நவீன்குமார் கதவை மெல்லச் சாத்தினான்.

"நாளைக்கும் மீட்டிங் இருக்குது கிருத்திகா. லைட் எரியுதல்ல? அப்பாவுக்கு அது போதும்."