தொண்ணூற்றிரண்டு டெசிபல்

“எங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்ல மேடம். அப்படியே எழுதிக்கிடுங்க” என்றான் சுடலைக்கண்ணன்.

ஜாஸ்லின் எழுதவில்லை. விமானச் சத்தம் சுற்றியுள்ள ஊர்களை எப்படிப் பாதிக்கிறது என்று கணக்கெடுக்க வந்தவள் அவள். ஓடுபாதையை நீட்டி, பெரிய விமானங்கள் வரத் தொடங்கி ஏழு மாதம் ஆகியிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் ஓடுபாதை. இந்தப் பக்கம் முதல் வீடு சுடலைக்கண்ணனுடையது.

“தூக்கம் எப்படி?” ஏற்ற இறக்கமில்லாத குரலில் கேட்டாள்.

“நல்லாத் தூங்குதோம்.”

“கைக்குழந்தை இருக்குன்னு சொன்னீங்களே?”

“அதுக்குப் பழகிட்டு மேடம். பெறந்ததுலேருந்து கேக்குதுல்லா.”

அவன் மனைவி இசக்கியம்மாள் கதவு நிலையைப் பிடித்தபடி நின்றாள். பிள்ளைக்கு ஐந்து மாதம். அவள் கண்களைச் சுற்றிக் கறுத்துக் கிடந்தது.

சுடலைக்கண்ணன் அதே விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் ஒப்பந்தத் தொழிலாளி. புகார் சொன்ன வீடு என்று பெயர் வந்தால் வேலை போய்விடுமோ என்று அவனுக்குப் பயம். அது இசக்கியம்மாளுக்கும் தெரியும்.

“நீங்க சொல்லுங்க” என்று அவள் பக்கம் திரும்பினாள் ஜாஸ்லின்.

“அவுக சொன்னதுதான்.”

முற்றத்தில் சத்தத்தை அளக்கும் மீட்டரைப் பொருத்திக்கொண்டிருந்த உதவியாளன் செல்வின் கையைத் தூக்கிக் காட்டினான். கிழக்கே, உப்பளங்களைத் தாண்டி, சென்னை விமானம் தாழ இறங்கி வந்துகொண்டிருந்தது. மீட்டரில் எண் ஏறுவதைப் பார்க்கச் சுடலைக்கண்ணன் முற்றத்துக்குப் போனான்.

கூரைத் தகரம் நடுங்கியது. அடுக்கில் இருந்த தம்ளர்கள் ஒன்றோடொன்று மோதின. இரைச்சல் வீட்டையே மூடியது.

இசக்கியம்மாள் பேச ஆரம்பித்தாள்.

இரவும் பகலுமாக ஒரு நாளைக்கு ஆறு விமானம். ஆறு முறையும் அவள் இப்படித்தான் சுவரைப் பார்த்தோ அடுப்பைப் பார்த்தோ பேசுவாள். யாரிடமும் சொல்ல முடியாததையெல்லாம் அந்த அரை நிமிட இரைச்சலுக்குள் கொட்டிவிடுவாள். அவள் குரல் அவளுக்கே கேட்காது. இன்று சுவருக்குப் பதில் எதிரே ஒரு முகம் இருந்தது. அந்த முகம் சுளிக்கவில்லை, காதைப் பொத்தவில்லை.

விமானம் தரையைத் தொட்டது. உள்ளே பிள்ளை வீறிட்டது.

“ஏயப்பா, தொண்ணூத்திரெண்டு காட்டுது” என்று முற்றத்திலிருந்து சுடலைக்கண்ணன் சொன்னான்.

இசக்கியம்மாள் ஒன்றும் நடக்காதவள்போல் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்ப் பிள்ளையைத் தூக்கி வந்தாள். அதற்குள் ஜாஸ்லின் எழுதி முடித்திருந்தாள். தாளை அவளிடம் நீட்டினாள்.

‘பிள்ளை பிறந்ததிலிருந்து ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கவில்லை. பாலும் வற்றிவிட்டது. நேற்று மத்தியானம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிணற்றடி வரை போனேன். திரும்பி வந்துவிட்டேன். இன்னொரு தடவை போனால் திரும்பி வருவேனா என்று தெரியவில்லை.’

இசக்கியம்மாளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. வானமே இடிந்து விழுகிற மாதிரி இருந்த அந்தச் சத்தத்தில், ஒரு சொல் விடாமல் இந்தப் பெண்ணிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. மனுஷியா, தெய்வமா என்பதுபோல் அவளையே பார்த்தாள்.

“நீங்க சொன்னதுதானே?”

தலையை ஆட்டினாள். கண்ணீர் பிள்ளையின் தலையில் விழுந்தது.

“இது உங்க தப்பில்ல. தூக்கமில்லாத உடம்பு அப்படித்தான் நினைக்க வைக்கும். இன்னைக்கே டாக்டரப் பாக்கணும்.” ஜாஸ்லின் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “அவர்ட்ட நான் சொல்லட்டுமா?”

இசக்கியம்மாள் பிள்ளையின் தலையில் விழுந்த ஈரத்தைத் துடைத்துவிட்டு, “சொல்லுங்க” என்றாள்.

முற்றத்திலிருந்து வந்த சுடலைக்கண்ணன், ஜாஸ்லின் காட்டிய தாளை வாசித்தான். மறுபடியும் முதலிலிருந்து வாசித்தான். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியேளா.”

“ஒங்க வேல போயிருமேன்னு...”

“போனாப் போவுது.” அவன் கையை நீட்டிப் பிள்ளையை வாங்கிக்கொண்டான். “மேடம், மொத நான் சொன்னதையெல்லாம் விட்டுருங்க. இதையே எழுதுங்க.”

அன்று சாயங்காலமே அவளை டாக்டரிடம் கூட்டிப்போனான். மறுநாள் விளாத்திகுளத்தில் அவள் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டான். அங்கே போன முதல் நாள் அவள் பதினோரு மணி நேரம் தூங்கினாள்.

மூன்று மாதம் கழித்து, தூத்துக்குடியில் நடந்த கூட்டத்தில் ஜாஸ்லினின் அறிக்கையை வாசித்தார்கள். வேலியோரத்து வீடுகளுக்கு வேறு இடத்தில் மனை என்று முடிவாயிற்று. சுடலைக்கண்ணன் எழுந்து தன் பெயரைச் சொல்லியே பேசினான். அவன் வேலைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

கூட்டம் கலைந்தது. கொழுகொழுவென்றிருந்த பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இசக்கியம்மாள் வெளியே ஓடிவந்தாள். வராந்தாவில் ஜாஸ்லின் முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.

“அக்கா!”

அவள் திரும்பவில்லை. இசக்கியம்மாள் இன்னும் உரக்கக் கூப்பிட்டாள். பக்கத்தில் போனவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஜாஸ்லின் மட்டும் நடந்துகொண்டே இருந்தாள். தன்னை மறந்துவிட்டாளோ என்று இசக்கியம்மாளின் முகம் வாடிப்போனது.

பின்னால் மீட்டர் பெட்டியோடு வந்த செல்வின் சொன்னான்: “முன்னால போய் நின்னு பேசுங்கக்கா, உதட்டப் பாத்தே புரிஞ்சுக்கிடுவாங்க. எட்டு வயசுல மூளக்காய்ச்சல் வந்ததுலேருந்து மேடத்துக்கு ரெண்டு காதும் கேக்காது.”