பூசணிக்காய் நிபந்தனை

புயல் காலத்துக்கு முன்பே வீட்டுக் காப்பீட்டைப் புதுப்பிக்கப் போன இளவழுதியிடம், வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய் கட்டினால்தான் ஆகும் என்றார்கள். கடலூர் பகுத்தறிவு மன்றத்தில் நாற்பது வருடமாகக் கறுப்புச் சட்டை போடுகிறவருக்கு ஒன்றும் புரியவில்லை.

“எனக்கும் இதுல நம்பிக்கை இல்லைங்க சார்,” என்றாள் அலுவலர் ஆக்னஸ். “பூசணிக்காய் கட்டின வீட்டுல சேதம் கம்மின்னு எங்க ஆபீஸ்ல கணக்குப் போடுற மெஷின் சொல்லுது. ஏன்னு அதுக்கே தெரியாது.”

“கட்டலைன்னா?”

“கூரை போனா நாங்க வர மாட்டோம்.”

கட்டினார். பத்தாம் நாள் ஆக்னஸ் போன் செய்தாள்.

“சார், நாங்க வெச்ச வாசல் கேமராவுல பாத்தோம். வெளிய போறப்ப நீங்க பூசணிக்காயை நிமிர்ந்தே பாக்குறதில்ல. கட்டின மத்தவங்க எல்லாரும் பாக்குறாங்க. பாக்காத வீட்டைக் கட்டாத வீடாத்தான் மெஷின் எடுத்துக்குது.”

அன்றிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்துவிட்டே படியிறங்கினார். புயல் வந்து போனது. ஓர் ஓடுகூட நகரவில்லை.

மறுவாரம் ஆக்னஸ் மறுபடி கூப்பிட்டாள். “அந்த நிபந்தனையை எடுத்துட்டாங்க சார். இனிமே நீங்க பாக்க வேணாம்.”

“நல்லதும்மா,” என்றார்.

மறுநாள் மன்றக் கூட்டத்துக்குக் கிளம்பியவர் பஸ் ஸ்டாப்பில் திடுக்கிட்டு நின்றார். வரும்போது நிமிர்ந்து பார்த்தோமா? நினைவில்லை. பஸ் வந்தது. அதை விட்டுவிட்டு வேகமாக வீட்டுக்கு நடந்தார்.

“எதை மறந்துட்டீங்க?” என்று வாசலில் மனைவி கயற்கண்ணி கேட்டாள்.

பூசணிக்காயின் கீழே நின்று ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி படியிறங்கினார்.