மலை இடுக்கு வழி

பெட்டிகளை வைத்து எடை பார்த்த அதே மெஷினில் அந்த அம்மாவையும் ஏறி நிற்கச் சொன்னார் விமானி. சின்ன விமானம். ஆளுக்கு ஆள் எடை பார்த்துத்தான் இருக்கை.

"எவ்வளவு நேரத்துல போவீங்க தம்பி?"

மெஷினை விட்டு இறங்குவதற்குள் மூன்றாம் முறையாகக் கேட்டுவிட்டார்.

மகள் மலைக்கு அந்தப் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் இருந்தாள். விடிகாலையில் விபத்து, இன்னும் நினைவு திரும்பவில்லை என்று மருமகன் சொல்லியிருந்தான். ரோடு வழியாகக் கிளம்பினால் நாளைக்குத்தான் போய்ச் சேர முடியும்.

ஒன்றரை மணி நேரம் என்று எல்லோருக்கும் சொல்லும் பதிலையே விமானி சொன்னார். நேராகப் போனால் அவ்வளவு தூரமே இல்லை. நடுவில் ஒரு மலை கிடந்து கழுத்தறுக்கிறது. அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

அந்த அம்மாவின் கணவர் வேலியோரம் நின்றுகொண்டிருந்தார். இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் வந்தார். பெற்ற பெண் உயிருக்குப் போராடுகிறாள், இந்த மனிதர் ஆற அமர நடந்து வருகிறாரே என்று விமானிக்கு எரிச்சலாக இருந்தது. கனத்த உடம்பு என்பதால் அவரைத் தன் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்தார். அந்த அம்மா பின்னால், தபால் மூட்டைகளோடு.

மேலே ஏறிப் பார்த்தால், மலையைக் குறுக்கே கடக்கும் இடுக்கில் மேகமே இல்லை. வருஷத்தில் ஏதோ சில நாட்கள்தான் அது அப்படித் திறந்து கிடக்கும். விமானி அந்தப் பக்கம் திருப்பினார்.

கணவர் அவருடைய முழங்கையைத் தொட்டார்.

"சுத்தியே போங்களேன். மெதுவாவே போகலாம்."

சரியான பயந்தாங்கொள்ளி என்று விமானி மனதுக்குள் சிரித்துக்கொண்டார். பறக்கப் பயந்தவர்கள் எத்தனையோ பேரைக் கூட்டிப்போயிருக்கிறார். எல்லோரும் கண்ணை இறுக மூடிக்கொள்வார்கள். இவர் மூடவில்லை. திரும்பித் திரும்பி மனைவியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

இடுக்கில் விமானம் தூக்கித் தூக்கிப் போட்டது. அந்த அம்மா அதைப் பொருட்படுத்தவே இல்லை. பெண் எழுந்து உட்கார்ந்ததும் முதல் வேலையாக அவளை நாலு திட்டு திட்ட வேண்டும், எப்போது பார்த்தாலும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு என்ன ஓட்டம் என்று இன்ஜின் இரைச்சலுக்கு மேல் கத்திச் சொன்னார். கணவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

இருபது நிமிடம் மிச்சமாகியிருந்தது. இறங்கும்போது விமானிக்குப் பெருமை தாங்கவில்லை. இந்த வழியில் இதற்கு முன் யாரும் இவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை.

விமானம் நின்றதும் அந்த அம்மா முதல் ஆளாக இறங்கிப் பெட்டியை எடுக்க ஓடினார். கணவர் பெல்ட்டைக்கூடக் கழற்றவில்லை.

"இறங்குங்க ஐயா. பயந்தீங்களே, முன்னாடியே வந்துட்டோம் பாருங்க."

அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்.

"வேலிகிட்ட நிக்கும்போதே மருமகன் போன் பண்ணிட்டான் தம்பி. எல்லாம் முடிஞ்சிடுச்சு. இவகிட்ட இன்னும் சொல்லலை."

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விமானி மலையை இரண்டு தடவைகூடச் சுற்றி வந்திருப்பார்.

அதற்குள் அந்த அம்மா பெட்டியோடு வந்துவிட்டார். அதைக் கீழே வைத்துவிட்டு விமானியின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"நீங்க நல்லா இருக்கணும் தம்பி. வேற யாரா இருந்தாலும் இவ்வளவு சீக்கிரம் கொண்டுவந்து சேத்திருக்க மாட்டாங்க."