மீனுக்கு ஒரு ஹீட்டர்

“பெத்த அப்பா எப்படிப் போனா உனக்கென்ன? மீனுக்கு மட்டும் ஹீட்டர் வாங்கி வச்சிருக்கே!”

கையிலிருந்த பெட்டியைக்கூட டீச்சர் இன்னும் கீழே வைக்கவில்லை. தம்பி வீட்டுக்குள் நுழைந்து, நேராக அப்பாவின் அறைக்குப் போனவள், நின்ற இடத்திலேயே ஆரம்பித்துவிட்டாள்.

கோபம் வராமல் என்ன செய்யும்? போன குளிர்காலத்தில் அப்பா நெஞ்சுச் சளி முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தார். இன்னொரு தடவை இப்படி வந்தால் தாங்க மாட்டார் என்று டாக்டர் கையை விரித்திருந்தார். அந்தப் பயத்தில்தான் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

இங்கே வந்து பார்த்தால், அப்பாவின் கட்டிலைச் சுவரோரம் தள்ளிவிட்டு, அறையின் நடுவில் ஒரு கண்ணாடித் தொட்டி. உள்ளே விரல் நீளத்தில் நாலைந்து சாம்பல் நிற மீன்கள். தொட்டியைப் பார்த்தபடி புத்தம்புது ரூம் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

“மெதுவாப் பேசுக்கா. மீன் மிரளும்,” என்றான் தம்பி.

“மிரளட்டும்! உன்னைத் தட்டிக் கேட்க இந்த வீட்ல ஆளே இல்லயா?”

அப்பா சமாதானத்துக்கு வந்தார். “அவனைத் திட்டாதேம்மா. தண்ணி ஜில்லுன்னு ஆயிட்டா இதுங்க வயித்துல இருக்கற என்சைம் வேலை செய்யாதாம். தின்னது செரிக்காம செத்தே போயிடுமாம்.”

டீச்சருக்கு எரிச்சல் தலைக்கேறியது. என்சைம் பாடத்தை அவளிடமேவா? குளிரில் அது மந்தமாகும், சூடு ஏற ஏற வேகம் பிடிக்கும், அளவு மீறினால் உருக்குலைந்து போகும். கரும்பலகையில் அந்த வளைகோட்டைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவாள். ஆனால் மீன் வளர்த்துப் பழக்கமில்லை. தம்பி சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லையே என்பதுதான் கூடுதல் கடுப்பு.

“அப்பா, ஜன்னலைத் திறந்துடாதீங்க, மீனுக்கு ஆகாது,” என்று தம்பி அதிகாரம் பண்ணினான். “இன்னிக்கு பிஹெச் பார்த்தீங்களா?”

அப்பா துடிப்பாக எழுந்தார். ஒரு துண்டுக் காகிதத்தைத் தொட்டித் தண்ணீரில் நனைத்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, வண்ண அட்டையோடு ஒப்பிட்டார். “ஏழு. அமிலமும் இல்ல, காரமும் இல்ல. நடுவுல நிக்குது!”

வயசான மனுஷனை மீனுக்கு ஆயா வேலை பார்க்க வைத்துவிட்டானே என்று டீச்சர் நொந்துகொண்டாள். மதியச் சாப்பாடு முடிந்தது.

அப்பா கண்ணயர்ந்ததும், தம்பி பூனை மாதிரி சமையலறைக்குள் போனான். ஃப்ரிட்ஜிலிருந்து ஐஸ் கட்டிகளை எடுத்துப் பிளாஸ்டிக் பையில் கட்டினான். அப்பாவின் அறைக்குள் நுழைந்து, தொட்டியின் பின்பக்கத் தண்ணீரில் அதை மெல்ல இறக்கினான்.

டீச்சர் கையும் களவுமாகப் பிடித்துக்கொண்டாள். தரதரவென்று சமையலறைக்கு இழுத்து வந்தாள்.

“முன்னாடி ஹீட்டர், பின்னாடி ஐஸா? உனக்கு மூளை கலங்கிடுச்சா?”

“கத்தாதேக்கா. அது மலை ஓடை மீன். குளிருக்குப் பழகின உடம்பு. சூடுதான் அதுக்கு ஆகாது.”

“அப்போ என்சைம், செரிமானம்னு அளந்ததெல்லாம்?”

“வேற மீனுக்குப் பொருந்தும். கடையில சூட்டுல வளர்ற மீன்தான் கேட்டேன். மாத்திக் கொடுத்துட்டான். எனக்குத் தெரியறதுக்குள்ள அப்பா இதுங்களோட ஒட்டிக்கிட்டார்.”

“மடையா, அப்போ ஹீட்டரை நிறுத்தித் தொலைக்க வேண்டியதுதானே? எதுக்கு அது?”

தம்பி அப்பாவின் அறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“அப்பா கட்டிலுக்கு அடியில பாரு. போன வருஷம் அப்பாவுக்கு வாங்கின ஹீட்டர் பிரிக்காமலே கிடக்கு. ‘எனக்கெல்லாம் எதுக்குடா ஹீட்டர், கரண்டு தண்டம், சட்டை மேல சட்டை போட்டாப் போச்சு’ன்னுட்டார். கெஞ்சிப் பார்த்தேன், சண்டை போட்டுப் பார்த்தேன். கடைசியில ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிட்டுப் போனோம். அவருக்குன்னா வேணாங்கறார்க்கா. வாயில்லா ஜீவனுக்குன்னா, அணைஞ்சிருக்கான்னு அவரே எழுந்து எழுந்து பார்க்கறார்.”

டீச்சருக்கு, வந்ததிலிருந்து பேசின பேச்சையெல்லாம் நினைத்து வெட்கமாக இருந்தது. தம்பியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“அம்மாடி!” என்று உள்ளேயிருந்து அப்பாவின் குரல் கேட்டது.

இரண்டு பேரும் ஓடினார்கள். அப்பா ஹீட்டர் சுவிட்சில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

“வெளியே நல்லா வெயில் வந்துடுச்சே. கொஞ்ச நேரம் அணைச்சு வச்சா இதுங்களுக்கு ஒண்ணும் ஆகாதே? இவன் அரைகுறையா எதையாவது சொல்லுவான். நீ பாடம் நடத்தறவ. நீ சொல்லு, கேட்டுக்கறேன்.”

கதவோரம் தம்பி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

தப்பான விடைக்கு அரை மார்க் கூடப் போட்டறியாத டீச்சர், தொட்டிக்கு முன்னால் போய், ஐஸ் பையை உடம்பால் மறைத்துக்கொண்டு நின்றாள். குனிந்து மீன்களை அக்கறையாகப் பார்த்தாள்.

“ஐயையோ, அணைச்சுடாதீங்கப்பா! இன்னும் கொஞ்சம் கூட்டி வைங்க. பாவம், எப்படி நடுங்குதுங்க பாருங்க!”