அறுந்தால் பார்த்துக்கலாம்

"டைமிங் பெல்ட் மாத்தற கெடு தாண்டி ரெண்டு வருஷம் ஆச்சு. அறுந்தா இன்ஜினே போயிடுமாமே?" என்றாள் மனைவி, காரில் ஏறி உட்கார்ந்துகொண்டே.

கணவன் உதட்டைப் பிதுக்கினான். "நல்லா ஓடற வண்டியைப் பிரிச்சுப் போட்டாத்தான் ஒர்க்‌ஷாப்புக்குப் பொழப்பு. அதுக்காகக் காட்டற பூச்சாண்டியை எல்லாம் நம்பிடறதா?"

"தினமும் பத்துப் பேர்கிட்ட சொல்றாங்களே, பொய்யாவா இருக்கும்?"

"அந்தப் பத்துப் பேரும் உன்னை மாதிரி ஏமாளிங்க. அறுந்தா பாத்துக்கலாம், பேசாம வா."

சிக்னலைத் தாண்டியதும் அறுந்தது. முன்பக்கம் 'டக்' என்றொரு சத்தம். அதோடு கார் நின்றுவிட்டது. சாவியை எத்தனை தடவை திருகியும் பலனில்லை. இன்னொரு வண்டியில் கட்டி, ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துக்கொண்டு போனார்கள்.

மெக்கானிக் மூடியைக் கழற்றிப் பார்த்தார். "பெல்ட் நார்நாராக் கிழிஞ்சிருக்கு சார். வால்வெல்லாம் வளைஞ்சு போச்சு. இன்ஜினை இறக்கியே ஆகணும்."

மனைவி கிழிந்த பெல்ட்டைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். அதுதான் அவனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அதற்குள் வரவேற்பில் இருந்த பெண் கணவனிடம் ஓடிவந்தாள்.

"நல்லவேளை வந்துட்டீங்க மேனேஜர் சார்! ஒரு கஸ்டமர் டைமிங் பெல்ட் மாத்த மாட்டேன்னு அடம் பிடிக்கிறாரு. நாங்க சொன்னா நம்ப மாட்டேங்கறாரு. நீங்க வந்து வழக்கம்போல 'அறுந்தா இன்ஜினே போயிடும்'னு சொல்லுங்க சார்."

மனைவி குறுக்கிட்டாள்.

"அவரை இங்கயே கூட்டிட்டு வாம்மா. இன்னிக்கு உங்க சார் பேசவே வேண்டாம். இந்தக் கார் பக்கத்துல நின்னாலே போதும்."