ஸிராஜின் ஹெல்மெட்

கணக்குப்படி பார்த்தால் ஸிராஜ் இந்நேரம் கடையில் நின்று வியாபாரம் செய்துகொண்டிருக்க வேண்டும். ஆனால் மருதமுனை வீட்டின் முன்னறைக் கட்டிலில் கிடந்தான். கண் திறந்திருந்தது, யாரையும் அடையாளம் தெரியவில்லை.

ஜெனூபா அவனுடைய ஹெல்மெட்டை மேசையில் வைத்தாள். பல்கலைக்கழகத்தில் பொறியியல் ஆய்வு செய்கிறவள். விபத்தில் அடிபட்ட ஹெல்மெட்டுகளை வாங்கி, உள்ளே அடி தாங்கும் வெள்ளை நுரைப்பஞ்சான ரெஜிபோம் எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று அளந்து, மூளைக்கு எவ்வளவு அடி போயிருக்கும் என்று கணிப்பதுதான் அவள் வேலை. போன மாதம் வந்து கேட்டபோது ஸிராஜின் மனைவி முனவ்வறா ஒரு வார்த்தையும் பேசாமல் இதை எடுத்துக் கொடுத்திருந்தாள்.

"என்ன மகள், கள்ளச் சாமானா?"

ஸிராஜின் உம்மா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மதியம் லுஹர் தொழுத கையோடு சாய்ந்தமருதிலிருந்து வந்துவிட்டாள். வாசலில் அவள் பிடித்து வந்த வேன் நின்றது.

"இவள்தான் வாங்கிக் குடுத்த. சந்தைக்குள்ள மலிவாக் கிடந்திச்சாம். இவள்ட மலிவுக்கு என்ட புள்ளட தலதான் கிடைச்சிரிக்கி!"

முனவ்வறா ஸிராஜின் கடைவாயில் வழிந்த கஞ்சியைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.

"நீ சொல்லு மகள். ஹெல்மெட்டுல பிழையெண்டா இண்டைக்கே புள்ளய என்ட ஊட்ட கொண்டு போயிருவன். வேனும் நிக்கிது. இனி இவள நம்பி உட ஏலா."

"போகக்குள்ள போட்டுத்தானே இருந்தாரு, ராத்தா?"

கேள்வி முனவ்வறாவுக்கு. பதில் உம்மாவிடமிருந்து வந்தது.

"போடாம? பொத்துவிலுக்குப் போகக்குள்ள என்ட ஊட்டடியாலதானே போன. பெல்ட்டு பூட்டினதையும் என்ட கண்ணால கண்ட. திரும்பி வரக்குள்ள மாடு குறுக்க பாஞ்சிட்டு. பின்னால இருந்த மகாராணிக்கு கை மட்டும்தான் உரசின."

ஜெனூபா ஹெல்மெட்டைத் திருப்பிப் பிடித்தாள். வலப்பக்க ரெஜிபோம் நன்றாக நசுங்கியிருந்தது. உள் துணியில், காது படும் இடத்தில், ஊசி முனையால் இழுத்ததுபோல இரண்டு மூன்று கீறல்கள். பாவித்த ஹெல்மெட் அப்படித்தான் இருக்கும்.

"கள்ளச் சாமான் இல்ல உம்மா. நல்ல ஹெல்மெட். விழுந்த அடியெல்லாத்தையும் அதுவே வாங்கியிரிக்கி."

"நல்லதா?"

"ஓம். ராத்தாவுல ஒரு பிழையும் இல்ல."

உம்மா கட்டிலைப் பார்த்தாள். "அப்ப என்ட புள்ளக்கு ஏன் இப்பிடி?"

பள்ளிவாசலில் அஸர் பாங்கு சொன்னார்கள்.

"அல்லாஹ்ட நாட்டம்." உம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "வேன்காரனப் போகச் சொல்லுகா. இவன் இஞ்சயே இரிக்கட்டும்."

தொழுகைக்குக் கை கால் கழுவி உளூ எடுக்கப் பின்பக்கம் போனாள். முனவ்வறா வாசலுக்குப் போய் வேனை அனுப்பிவிட்டு வந்து, அதே இடத்தில் உட்கார்ந்தாள். முகத்தில் நிம்மதி கூட இல்லை.

ஜெனூபா மடிக்கணினியை மூடினாள்.

"உம்மாக்கிட்ட சொல்ல மனம் வரல்ல ராத்தா. என்ட கணக்குத்தான் பிழை போல. மத்த ஹெல்மெட்டெல்லாம் அச்சொட்டா ஒத்துப் போகுது. இது மட்டும் உதைக்குது. இதப் போட்டிருந்த ஆள் எழும்பி, உடுப்பத் தட்டிட்டு நடந்திருக்கோணும் எண்டு வருது. ஆனா இவரப் பாருங்க. ரெண்டு வருச வேல. எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு முதல்ல இருந்து தொடங்கோணும்."

முனவ்வறா பின்பக்கம் பார்த்தாள். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"தூக்கிப் போடாதீங்க தங்கச்சி. உங்கட கணக்குச் சரி," என்றாள். மீனுக்கு விலை சொல்வதுபோல இருந்தது குரல்.

ஜெனூபா நிமிர்ந்தாள்.

"வரக்குள்ள, கண்ணுல மணல் அடிக்குதெண்டு சொன்னன். கழட்டி என்ட தலையில போட்டு உட்டாரு."